கோப்புக்கும்

தீர்த்தம்மாள் புத்தகம் எதுவும் எழுதவில்லை.
நான்தான் எழுதினேன்.
தனிப்பிரிவு ஏட்டு, எண் 1147,
பதினோரு வருடம், கார்பன் தாள் வைத்து மூன்று படி:
ஒன்று ஆய்வாளருக்கு, ஒன்று தருமபுரிக்கு,
மூன்றாவது எங்கே போனதென்று எனக்குச் சொன்னதில்லை.

பாலக்கோட்டில், விலை விழுந்த தக்காளியை
ரோட்டில் கொட்டிவிட்டுப் போன ஒரு சாயங்காலம்
முதல்முறை கேட்டேன்.
தருக்கம் படித்தவர், கல்லூரி வேலையை விட்டு வந்தவர்
என்று குறிப்பு இருந்தது. வயது நாற்பத்தொன்று.
ஒலிபெருக்கி ஒன்று. கூட்டம் சுமார் அறுபது,
அதில் மாடு பிடித்து நின்றவர்கள் ஒன்பது.

சத்தம் போடமாட்டார்.
வாயைத் திறந்து பக்கத்து ஆளுக்குக் காட்டச் சொல்வார்.
பழுப்புக் கோடு விழுந்த பற்கள், வரிசை வரிசையாய்.
"இந்தக் கறை வாக்குமூலம்.
முப்பது வருஷமா போர்த்தண்ணி எழுதினது.
படிக்கத் தெரிஞ்சவங்க ஆபீசில் இருக்காங்க.
தெரியாம இருக்கிறது வேற,
தெரிஞ்சுக்காம இருக்கச் சம்பளம் வாங்கறது வேற."
எழுதிக்கொண்டே
உதட்டை இறுக்கிக்கொண்டேன்.
நான் பிறந்தது மாரண்டஅள்ளி.
கல்யாண போட்டோவிலும் சிரித்ததில்லை.

வேகமாய்ப் பேசிப்போய் சட்டென்று நிற்பார்:
"ஏட்டய்யா, வந்துட்டீங்களா?"
கூட்டம் திரும்பிச் சிரிக்கும்.
தலையாட்டுவேன். அடுத்த வாக்கியம் தொடங்கும்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்,
பென்னாகரத்தில், காரிமங்கலத்தில்,
ஒருமுறை மழையில் ஏழு பேருக்கு:
ஒரு விஷயம் தெரிந்துவிட்டால்
அதற்கு நாம் பதில் சொல்லவேண்டியவர் ஆகிவிடுகிறோம்,
அறிவுக்கு வேறு இலக்கணம் கிடையாது.
'புரியவில்லை' என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
ஆய்வாளர் அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பாப்பாரப்பட்டிக் கூட்டத்தில் கரண்ட் போனது.
காற்று. நாலைந்து நிமிடம் காதில் ஒன்றும் விழவில்லை.
அறிக்கையில் இடம் விடக்கூடாது.
இரவு இரண்டு மணி,
நிலையத்துப் பானையில் அதே தண்ணீர்,
ஒரு வரியை நானே எழுதி நிரப்பினேன்:
"தாலுகா ஆபீஸ் குழாயை மூடுங்கள்,
கோப்புக்கும் தாகம் எடுக்கட்டும்."

நான்காம் நாள் அந்தக் குழாயை யாரோ உடைத்தார்கள்.
யாரென்று இன்றுவரை தெரியாது.
என் வரியை அவர்கள் படித்திருக்கவும் முடியாது.
வழக்குக்கு அது போதும்.

சாட்சிக்கூண்டில் ஏறினேன்.
படிக்கச் சொன்னார்கள், படித்தேன்.
"இதை நீங்கள் பேசினீர்களா?" என்றார் நீதிபதி.
தீர்த்தம்மாள் என்னைப் பார்த்தார்.
இன்னொருதரம் படிக்கச் சொன்னார்.
படித்தேன், மெதுவாக.
"பேசினேன்."
வேலூரில் நாற்பது நாள்.

திரும்பி வந்து, பஸ் நிலையத்து டீக்கடையில்
பக்கத்தில் நின்றார். முடி கொஞ்சம் உதிர்ந்திருந்தது.
"அந்த 'உம்' எனக்கு வந்திருக்காது.
கோப்புக்குத் தாகம்னுதான் சொல்லியிருப்பேன்.
நீங்க கோப்புக்கும்னு போட்டீங்க.
அப்ப, முன்னாடியே தாகத்துல இருக்கிறது
யாரு, ஏட்டய்யா?"
என் டீ ஆடை கட்டிவிட்டது.
காசு அவர்தான் கொடுத்தார்.
அன்றைய அறிக்கை: 'குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை.'

அவர் போய் ஒன்பது வருடம்.
மனுப்போட்டுக் கோப்புகளை வாங்கி
மாணவர்கள் தொகுப்பாகப் போட்டிருக்கிறார்கள்.
எழுத்துப்பிழைகளைத் திருத்தவில்லை, நல்லது.
பின்னட்டையில், அவர் படத்துக்குக் கீழே, என் வரி.

வெளியீட்டுக்குப் போனேன், கடைசி வரிசை.
வேறு யாராவது பேசுகிறீர்களா என்றார்கள்.
ஒரு மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.
மைக்குக்கு இருபது அடி இருக்கும்,
பென்ஷன் வாங்கப் போவதைவிடத் தூரம்.

வாயைத் திறந்தேன், பல் தெரிய.
முன்வரிசையில் ஒரு பெண்
பேனா மூடியைக் கழற்றினாள்.